ஆய்வு ஆர்வம்: பாறை வெடிப்பு

என்னுடைய கலாநிதிப் பட்டம் பாறைக்கு வெடி வைப்பதைப் பற்றியது. நான் தமிழ்ப் பெண். குடியிருந்தது இலங்கையின் மாத்தளையில். காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். இவற்றைத் தனித்தனியாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஒரே மூச்சில் சொன்னால், அந்த நாட்களில், எதிரே இருப்பவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

வெடியை நானாகத் தேடிப் போகவில்லை. பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்றுதான் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். அந்த வருடம் பாலத்துக்கான இடம் யாரோ ஒரு பெரியவருடைய மருமகனுக்குப் போயிற்று. மிச்சம் கிடந்தது வட இங்கிலாந்தில் ஒரு பழைய சுரங்க நகரம். அங்கே அவர்களுக்குப் பாறை உடைப்பதைப் பற்றி ஆராயத்தான் ஆள் தேவைப்பட்டது. அப்பாவிடம் கேட்டேன். அப்பா வடக்கில் பிறந்து, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, அம்மா இறந்த பிறகும் ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்.

"பாலமெண்டால் என்ன, கல்லெண்டால் என்ன? பேருக்கு முன்னால கலாநிதி வந்தால் சரிதானே பிள்ளை," என்றார்.

படித்து முடித்துத் திரும்பி, பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அப்போதுதான் என் நிலைமை ஒன்றும் விசேடமானதல்ல என்று தெரிந்தது. எங்கள் பொறியியல் பீடத்தில் எல்லோருமே, எந்த நாடு புலமைப்பரிசில் கொடுத்ததோ அந்த நாட்டின் தலைவலியைப் படித்துவிட்டு வந்தவர்கள். பக்கத்து அறைக்காரர் கனடாவில், கூரைமேல் பனி குவிந்தால் கூரை எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்தவர். ஆராய்ச்சியைத் தொடர்வதற்காக அவருக்குப் பெரிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் மாணவர்கள் தயிர்ச்சட்டி வைத்தார்கள். அவருக்கு அடுத்த அறைக்காரர் ஜப்பானில் பூமியதிர்ச்சி படித்தவர். வெளியே பாரமான லொறி ஏதும் போனால், பேச்சை நிறுத்திவிட்டு மேசையில் இருக்கும் தண்ணீர்க் கிளாசை ஆவலோடு பார்ப்பார். இன்னொருவர் மொஸ்கோவில் கழிவுநீர்க் குழாய்களைப் பற்றி ரஷ்ய மொழியில் தடித்த ஆய்வேடு ஒன்று எழுதியவர். அதை எங்களில் யாராலும் வாசிக்க முடியாது என்பதால் அதில் யாரும் குறை கண்டதில்லை. பீடத்திலேயே அதிக மதிப்பு அவருக்குத்தான்.

துறைத்தலைவர் கொங்கிரீட்டில் விழும் விரிசல்களை ஆராய்ந்தவர். அது அவருடைய இளமைக்காலத்தில். துறைத்தலைவர் ஆன பிறகு விரிசலைக் கண்டால் பூசி மறைக்கச் சொல்லும் பக்குவம் வந்துவிட்டது. நல்ல மனிதர். யாரையும் நோகச் செய்ய மாட்டார், யாருக்காகவும் நோகவும் மாட்டார்.

ஒரு நாள் அவர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, வெளிநாட்டிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வரப்போகிறார்கள், பீடத்துக்கு ஒரு கையேடு அச்சடிக்க வேண்டும், ஒவ்வொருவரும் பட்டம், படித்த இடம், ஆய்வு ஆர்வம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள் என்றார்.

"ஐந்தாறு வருசமாக ஆராய்ச்சி ஒன்றும் நடக்கவில்லையே, சேர்," என்றார் பனிக்காரர்.

"நான் ஆராய்ச்சியைக் கேட்கவில்லையே. ஆர்வத்தைத்தானே கேட்டேன்," என்றார் துறைத்தலைவர்.

அதன்பிறகு எல்லோருக்கும் பேனா ஓடியது. ஒருவருக்கு ஆர்வம் பக்கத்துக்குள் அடங்கவில்லை. பண்டைய குளங்களில் தொடங்கி விண்கலத்தில் முடிந்தது. துறைத்தலைவர் தன் பங்குக்கு "பொறியியல்" என்று ஒரே சொல்லை எழுதினார். அதில் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று எனக்கு விளக்கமும் சொன்னார். நான் மட்டும் முட்டாள்தனமாக உண்மையை எழுதினேன்: பாறைகளில் கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு.

கையேடு மும்மொழியிலும் வரவேண்டும் என்பது விதி. ஆங்கிலத்தில் நாங்களே எழுதிக் கொடுத்தோம். சிங்களத்தில் அலுவலகத்தில் ஒருவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். தமிழுக்கு ஒதுக்கிய பக்கத்தில் "தமிழாக்கம் பின்னர் இணைக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் மட்டும் எழுத்துப்பிழை இல்லை. என் படத்துக்குக் கீழே சிங்களத்தில் இருந்ததை நான் வாசித்துப் பார்த்தபோது கையேடு அச்சாகி, கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிட்டது. அகராதிக்காரர் பாறையை எங்கேயோ தவறவிட்டிருந்தார். மிச்சம் இருந்தது இதுதான்: குண்டுகளை ஒழுங்காக வெடிக்கச் செய்தல்.

துறைத்தலைவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். இதை யார் வாசிக்கப் போகிறார்கள்?" என்றார்.

வாசித்தது அலுவிகாரைச் சோதனைச்சாவடியில் நின்ற ஓர் இளம் சிப்பாய்.

கலேவெலப் பக்கம் ஒரு கல்குவாரி இருந்தது. மாணவர்களை அங்கே கூட்டிப்போக அனுமதி கேட்பதற்காக ஒரு சனிக்கிழமை காலை போயிருந்தேன். குவாரி முதலாளியிடம் நான் யார் என்று காட்டுவதற்குத்தான் கையேட்டின் ஒரு பிரதியை எடுத்துப்போனேன். அவர் படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வகுப்பில் காட்ட இரண்டு கல் துண்டுகளையும் தந்தார். மத்தியானம் தம்புள்ளை வழியாக பஸ்ஸில் திரும்பினேன். அலுவிகாரையில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி என் பையைக் கொட்டினாள். சுத்தியல், கற்கள், கையேடு. என் அடையாள அட்டையைப் பார்த்தாள். பெயரைப் பார்த்ததும் கையேட்டைப் பக்கத்தில் நின்ற சிப்பாயிடம் நீட்டினாள். அவன் படத்தையும் என் முகத்தையும் ஒப்பிட்டுவிட்டு, கீழே இருந்த வரியை விரலால் தடவிக்கொண்டே வாசித்தான். முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தான். பிறகு ஓர் அடி பின்னால் போனான்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பழகியிருந்தோம். நானும் எத்தனையோ தடவை அதே ஜன்னலோரத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

என்னை ஜீப்பில் ஏற்றி நகரத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாங்குப் பலகையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். மகளின் சடங்குக்குச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், அடையாள அட்டையை வேறொரு சட்டைப் பையில் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"ஒங்களையும் புடிச்சிட்டாங்களாம்மா? கார்டு இல்லியா?" என்று கேட்டார்.

"கார்டு இருக்குங்க. படிப்புத்தான் பிரச்சினை," என்றேன்.

"படிச்சாலுமா புடிக்கிறாங்க!" என்றார். அவர் முகத்தில் எனக்காக உண்மையான கவலை தெரிந்தது. என்ன படிப்பு என்று கேட்டார். கல்லு உடைக்கிற படிப்பு என்றேன். அதற்கு ஏன் சீமைக்குப் போகவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

பொறுப்பதிகாரி நான் பயந்ததுபோல் இல்லை. தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற சிங்களவர். எனக்குத் தேநீர் வரவழைத்துவிட்டு, கையேட்டை மேசையில் விரித்து, என் பக்கத்தோடு நிறுத்தாமல் முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். எங்கள் பீடத்தின் கையேட்டை முழுமையாக வாசித்த மனிதர் நானறிய அவர் ஒருவர்தான்.

"இந்த மாத்தையா கூரையில் பனி விழுவதை ஆராய்கிறாராம். எங்கே விழுகிறது?"

"இங்கே விழாது சேர். கனடாவில்."

"அப்படியானால் இங்கே இருந்து என்ன செய்கிறார்?"

"பாடம் நடத்துகிறார்."

"பனியைப் பற்றியா?"

"இல்லை சேர். கணிதம்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். பூமியதிர்ச்சி. கழிவுநீர். விண்கலம். ஒவ்வொன்றுக்கும், இவர் இதைச் செய்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. குண்டு வைப்பவள் என்ற சந்தேகத்தில் பிடிபட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் நோகிறது பீடத்தின் மானம் போவதை நினைத்து. படித்தவர்களின் மனம் அப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

கடைசியில் அவர் கையேட்டை மூடினார். "மிஸ், இதில் இருக்கும் எதுவுமே நடப்பதில்லை என்கிறீர்கள். உங்களுடையது மட்டும் நடக்கவில்லை என்று நான் எப்படி நம்புவது? யாராவது பொறுப்பானவர் வந்து சொல்ல வேண்டும்."

அப்பாவுக்கும் துறைத்தலைவருக்கும் தகவல் போயிற்று. அப்பாதான் முதலில் வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. பொலிஸ் நிலையத்து வாசற்படியில் செருப்பைக் கழற்றினார். அங்கே செருப்பைக் கழற்றத் தேவையில்லை என்று யாரோ சொன்ன பிறகும் போடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாப்பிட்டனியே?" என்று மட்டும் கேட்டார்.

துறைத்தலைவர் பின்னேரம் பல்கலைக்கழகக் காரில், கழுத்துப்பட்டியோடு வந்து இறங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பொறுப்பதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டிருந்தார்.

"இவர் இங்கிலாந்திலிருந்து திரும்பிய நாள் தொடக்கம் எந்தவித ஆராய்ச்சியும் செய்யவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்கிறேன்," என்றார். "எங்கள் ஆய்வுகூடத்தில் வெடிமருந்து கிடையாது. சீனவெடி கூடக் கிடையாது. இவர் ஆராய்ச்சி செய்ய விரும்பினாலும் அதற்கு வசதி இல்லை. வசதி இருந்தாலும் நான் அனுமதி கொடுத்திருக்க மாட்டேன்."

"கையேட்டில் ஆர்வம் என்று இருக்கிறதே, சேர்?"

"ஆர்வம் மட்டும்தான். எங்கள் பீடத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்."

பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. கான்ஸ்டபிளை அந்த வரியையும் எழுதச் சொன்னார். என்னைப் போகலாம் என்றார். நிம்மதியாக இருந்தது. அதே நேரம், நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்பதைச் சாட்சி வைத்து நிரூபித்து விடுதலை வாங்கியிருக்கிறேன் என்பதும் மெல்ல உறைத்தது. நான் இரண்டு கட்டுரை எழுதியிருந்தேன். அது வாய்வரை வந்தது. நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

வெளியே வரும்போது வாங்கில் இருந்த தோட்டத்துக்காரர் எழுந்து நின்றார். "ஒங்களுக்குப் பெரிய ஆளு வந்தாரும்மா. போய்ட்டு வாங்க," என்றார். துறைத்தலைவர் காரில் ஏறிவிட்டார். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அப்பா நின்றார். திரும்பி உள்ளே போனார். என் வாழ்நாளில் அப்பா ஓர் அரச உத்தியோகத்தருக்கு முன்னால் கேட்காமல் வாய் திறந்ததை நான் பார்த்ததில்லை.

"அந்த ஆளை எனக்குத் தெரியும் மாத்தையா," என்றார் அப்பா தன் தடுமாறும் சிங்களத்தில். "இரத்தோட்டைக்காரர். நல்ல மனுசன். நான் பொறுப்பு."

அப்பா அவரை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். காத்திருந்தபோது ஊரை மட்டும் கேட்டறிந்திருந்தார்; பெயர்கூடத் தெரியாது. அதிகாரி பெயரைக் கேட்டிருந்தால் அப்பாவும் வாங்கில் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்கவில்லை. பதிவுப் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த மனிதரையும் போகச் சொன்னார்.

அடுத்த வருடம் நான் சிரேஷ்ட விரிவுரையாளர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்குப் போனால், வாரியத் தலைவரின் கையில் அந்த வாக்குமூலத்தின் பிரதி இருந்தது. அரச ஊழியர் சம்பந்தப்பட்டதால் பொலிஸார் முறைப்படி பதிவாளருக்கு அனுப்பியிருந்தார்கள்; பதிவாளர் முறைப்படி என் சுயவிவரக் கோவையில் சேர்த்திருந்தார்.

"எந்தவித ஆராய்ச்சியும் செய்யவில்லை என்று உங்கள் துறைத்தலைவரே பொலிஸில் சொல்லியிருக்கிறாரே," என்றார் தலைவர்.

"அது என்னை விடுவிக்கச் சொன்னது, சேர். இதோ என் கட்டுரைகள்."

"அப்படியானால் அவர் பொலிஸுக்குப் பொய் சொல்லியிருக்கிறார். அது பாரதூரமான விசயம். நீங்கள் அப்படி ஒரு முறைப்பாடு செய்கிறீர்களா?"

துறைத்தலைவரும் அந்த வாரியத்தில் ஓர் உறுப்பினர். அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறைப்பாடு செய்யவில்லை. அவர்கள் பதவி உயர்வு கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் அவர் என் தோளில் தட்டி, "ஆர்வத்தை மாற்றிப் பாருங்களேன். மண், தண்ணீர், அப்படி ஏதாவது," என்றார். எனக்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை. அன்றைக்கு அவர் வந்திருக்காவிட்டால் நான் எங்கே இருந்திருப்பேனோ. அந்த நன்றியைச் சுமந்துகொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். அதன் பாரம் வீடுவரை குறையவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொலிஸ் நிலையத்தில் சந்தித்த அதே தோட்டத்துக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறையக் கறுவாப்பட்டையும் மிளகும். அப்பாவைப் பார்த்ததும் காலைத் தொடப் போனார். அப்பா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"ஒரு ஒதவி கேக்க வந்தேங்க," என்றார் என்னிடம். "எங்க லயத்துக்கு மேல ஒரு பாறை நிக்கிதும்மா. போன மழையில அடியில மண்ணு கரைஞ்சிருச்சு. லயத்துல இருவது குடும்பம் இருக்கோம். தோட்டத்துத் தொரைகிட்டச் சொன்னோம், கவர்மெண்டு கச்சேரியில சொல்லச் சொல்றாரு. கச்சேரியில தொரைகிட்டச் சொல்லச் சொல்றாங்க. நீங்கதான் கல்லு ஒடைக்கிற படிப்புப் படிச்சிருக்கீங்களே."

நான் படித்துவிட்டுத் திரும்பிய பிறகு, என் படிப்பை ஒரு காரியத்துக்காகக் கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

மறுநாளே போய்ப் பார்த்தேன். தேயிலை மலையின் சரிவில், லயத்துக் கூரைகளுக்கு நேர் மேலே, ஒரு வீட்டின் அளவுக்குப் பாறை. கீழ்ப்பக்கம் மண் அரித்து வெறும் வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே லயத்தில் ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாதாரண நாடு ஒன்றில் இது அரைநாள் வேலை. பாறையில் துளையிட்டு, அளவாக மருந்து வைத்து, ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு, ஒரு சத்தம். அதைத்தான் நான் நான்கு வருடம் படித்தேன். ஆனால் அந்த நாட்களில் ஒரு குச்சி வெடிமருந்து வாங்குவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் என் பெயரைப் போட்டால் அனுமதி வராது, ஜீப் வரும்.

அப்போதுதான், நான் படித்த நகரத்தில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே தேவாலயம் ஒன்றின் பக்கத்தில் பாறை உடைக்க வேண்டியிருந்தது. பழைய கண்ணாடி ஜன்னல்கள் அதிரக்கூடாது என்பதற்காக வெடி வைக்காமல் ஒருவகை விரியும் சீமெந்தைப் பாவித்தார்கள். சுண்ணாம்பு கலந்த தூள். தண்ணீர் விட்டுக் குழைத்துத் துளைக்குள் ஊற்றினால், இறுகும்போது ஊதிப் பெருத்து, சத்தமில்லாமல் பாறையைப் பிளந்துவிடும். என் பேராசிரியருக்கு அதில் மரியாதை இல்லை. அது சமையல் என்பார். நான் கொழும்பில் விசாரித்தேன். சுரங்கப் பாதை வேலை செய்த ஒரு கம்பனியிடம் சில மூட்டைகள் மிஞ்சிக் கிடந்தன. சும்மா எடுத்துப்போகச் சொன்னார்கள்.

எடுத்துப்போவதுதான் வில்லங்கம். வெள்ளைத்தூள் மூட்டைகளோடு நான் எத்தனை சோதனைச்சாவடிகளைக் கடப்பது? யோசித்துப் பார்த்துவிட்டு, நேரே பொறுப்பதிகாரியிடமே போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மிஸ், திரும்பவும் ஆர்வம் வந்துவிட்டதா?"

விசயத்தைச் சொன்னேன். மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த கொஞ்சத் தூளைத் தண்ணீரில் குழைத்து, அவருடைய அறையில் கிடந்த வெறும் சோடாப் போத்தல் ஒன்றில் ஊற்றி, சாக்குத்துணியால் மூடி மூலையில் வைத்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு அலுத்துப்போய் கோவைகளில் கையெழுத்துப் போடத் தொடங்கினார். சாக்கை விலக்கியபோது போத்தல் நெடுகப் பிளந்து கிடந்தது.

"சத்தமே வரவில்லையே," என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பிறகு, "இது வெடிபொருள் அல்ல என்று நான் எழுதலாமா?"

"எழுதலாம் சேர். இது சீமெந்து."

மூட்டைகள் கொழும்பிலிருந்து பொலிஸ் ஜீப்பிலேயே இரத்தோட்டைக்கு ஏறின. வழியில் எங்கேயும் யாரும் நிறுத்தவில்லை.

கலேவெலக் குவாரியில் துளை போடும் மெஷினையும் இரண்டு ஆட்களையும் தந்தார்கள். லயத்துக் குடும்பங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். பாறைக்குக் கீழே மரக்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கி ஒரு தடுப்பு எழுப்பினோம். தோட்டத்துக்காரர் தாமே ஆட்களைப் பிரித்து வேலை வாங்கினார். அதுவரை "கச்சேரியில் சொல்லுங்கள்" என்றிருந்த தொரையும் தொப்பியோடு வந்து, தன் யோசனைதான் இது என்பதுபோல் நின்றார். பின்னேரம் துளைகளில் குழம்பை ஊற்றினேன். வெடி வைக்கப் போகிறார்களாம் என்று கேள்விப்பட்டு எதிர்மலை முழுக்கச் சனம். காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மழை தூறியது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இதுக்குத்தானா சீமைக்குப் போனாங்க?" என்றார். எல்லோரும் கலைந்து போனார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பெண்களோடு படுத்தேன். தூக்கம் வரவில்லை. தூள் பழையது, வீரியம் போயிருக்கலாம். எங்கள் பீடத்தின் ஆராய்ச்சி வரலாற்றுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் தோட்டத்துக்காரர்தான் ஓடிவந்தார். "அம்மா, வெடிச்சிருச்சு! வந்து பாருங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தார். பாறையின் முதுகில், துளைக்குத் துளை கோடு கீறியதுபோல் விரிசல் ஓடியிருந்தது. கை நுழையும் அளவுக்கு அகலம். நான் அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். கல் இன்னும் சூடாக இருந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது. அதற்குப் பிறகு மேலிருந்து துண்டுதுண்டாக நெம்பி இறக்குவதுதான் வேலை. ஒரு துண்டு மட்டும் தடுப்பில் மோதி ஒரு கோழிக்கூட்டைக் கொண்டுபோயிற்று. கோழிகள் பள்ளிக்கூடத்தில் இருந்தன. ஐப்பசி மழை அடித்துக் கொட்டியபோது லயத்துக்காரர்கள் தங்கள் வீடுகளில் இருந்தார்கள்.

இதை நான் கட்டுரையாக எழுதினேன். துறைத்தலைவர் அதை வாசித்துவிட்டு, தன் பெயரையும் முன்னால் சேர்ப்பது கட்டுரைக்குக் கனம் கொடுக்கும் என்றார். பின்னால் சேர்த்தேன். மறுபடியும் நேர்முகத்துக்குப் போனேன். அதே வாரியம், அதே வாக்குமூலம்.

"ஆராய்ச்சி செய்யவில்லை என்ற வாக்குமூலம் இன்னும் கோவையில் இருக்கிறதே," என்றார் தலைவர்.

இந்தத் தடவை துறைத்தலைவர் மரத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் சொன்னது வெடிப்பைப் பற்றி. இது வெடிக்காமல் உடைப்பது. இந்தத் துறையில் இவர் ஆராய்ச்சி செய்யவில்லை என்று யாரும் எந்தப் பொலிஸிலும் சொல்லவில்லை. தவிர, இதில் நானும் இருக்கிறேன்."

வாரியம் தலையை ஆட்டியது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்த வருடத்துக்குள்ளேயே பீடத்தில் பலருக்கு மண்சரிவில் ஆர்வம் வந்தது. பனிக்காரருக்கும் வந்தது. பனியும் சரியும், மண்ணும் சரியும், கணக்கு ஒன்றுதான் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் பிறகு உண்மையிலேயே நல்ல வேலை செய்தார்.

பொறுப்பதிகாரிக்கு அடுத்த வருடம், சண்டை நடந்துகொண்டிருந்த கிழக்குக்கு மாற்றம் வந்தது. போவதற்கு முன் ஒரு நாள், சீருடை இல்லாமல், மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பதற்றத்தில் தேநீரில் இரண்டு தடவை சீனி போட்டார். அவர்களுடைய மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். பொறியியல் கிடைக்கும் போலிருந்தது.

"எந்தத் துறையில் சேர்த்தால் பிள்ளைக்குத் தொல்லை வராது, மிஸ்?" என்று கேட்டார்.

"தொல்லை வராத துறை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது சேர்," என்றேன். "அவளுக்கு எது பிடிக்கும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். அதை இதுவரை கேட்டிருக்கவில்லை என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். முதலில் கேளுங்கள் என்றேன். படலைவரை அப்பாவும் நானும் கூடப் போனோம். அப்பா தன் சிங்களத்தில், "கவனமாகப் போங்கள்," என்றார். அது சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைதான். அந்த வருடம் கிழக்குக்குப் போகிற ஒருவரிடம் அதைச் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

மகள் எங்கள் பீடத்துக்கே வந்தாள். மின்சாரப் பொறியியல் எடுத்தாள், அவளாகவே. இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் என் அறைக்கு வந்து, தன் அப்பா கிழக்கிலிருந்து காலில் காயத்தோடு திரும்பி வந்துவிட்டார், நடக்கிறார், இனி வேலைக்குப் போகமாட்டார், பலாபத்வலைப் பக்கம் காணியில் மிளகு நட்டிருக்கிறார் என்று சொன்னாள். உங்களிடம் சொல்லச் சொன்னார் என்றாள். அந்தச் சனிக்கிழமை அப்பாவும் நானும் பஸ் எடுத்து அவரைப் பார்க்கப் போனோம். ஊன்றுகோலோடு வந்து வாசலில் நின்று, மிளகுக் கொடிகளுக்காகச் சரிவில் மண் தாங்க வைத்திருக்கும் கல் கட்டு சரியாக இருக்கிறதா என்று வந்து பார்க்கச் சொன்னார். கட்டு சரியாக இல்லை. நான் சொன்னேன். அவரும் அப்பாவும் பின்னேரம்வரை அதைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள்.